நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறது, எங்கே தேடுவது?

வெண்ணாற்றங்கரை | 27 ஜனவரி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வண்டி 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், 35 ஏ.எச். (ஆம்ப்-மணி) பேட்டரி. பொங்கலுக்கு முந்தின வாரம் வரைக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் போதும், சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கலாக வந்து அணைந்துவிடும். பக்கத்து வீட்டு டிராக்டரில் இருந்து வயர் கொடுத்துத்தான் கிளப்புகிறேன்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். வண்டியைப் பார்த்த இரண்டாவது நிமிடம் 'பேட்டரி செத்துப்போச்சு' என்றார்கள். பழையதைக் கொடுத்து மேற்கொண்டு மூவாயிரத்துச் சொச்சம் கட்டி, 18ஆம் தேதி புதுப் பேட்டரி போட்டேன். 22ஆம் தேதி காலையில் திரும்ப அதே டிக் டிக். மறுபடி போனால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும், நாலாயிரம் ஆகும் என்கிறார்கள்.

சம்பா அறுவடை நேரம். கையில் இருக்கிற காசு அறுவடை மெஷினுக்கே சரியாக இருக்கிறது. வீட்டில் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் கிடக்கிறது, தம்பி டிப்ளமோ படிக்கும்போது வாங்கியது. வோல்ட் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 27 ஜனவரி, இரவு 9.40

கும்பகோணத்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை, இருபது வருஷமாக. தம்பி, மீட்டர் இருக்கிறது இல்லையா, அதுவே போதும். எதையும் கழற்றாமல் நாலு எண் எடுத்துப் போடுங்கள்.

இன்றைக்கு ஒரு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பேட்டரி முனையில் வோல்ட். நாளைக்குக் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் வோல்ட். அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஒன்று. ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு ஓடும்போது ஒன்று.

12.6க்கு மேலே இருந்தால் நிறைய சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் எங்கே நின்றாலும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பார்க்க இரண்டு நிமிடம். அதைப் பார்க்காமலேயே கழற்றச் சொல்கிறார்கள் என்றால் என்னத்தைச் சொல்வது.

டர்போ_தஞ்சை | 27 ஜனவரி, இரவு 10.05

இவ்வளவு எதற்கு? பேட்டரி மைனஸில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். திருகு மாதிரி இருக்கும், இருநூறு முந்நூறு ரூபாய். ராத்திரி இறங்கும்போது திருகிவிட்டால் எங்கே லீக் இருந்தாலும் இறங்காது. என் பழைய ஜீப்பில் ஆறு வருஷமாக அப்படித்தான்.

பழைய_மீட்டர் | 28 ஜனவரி, காலை 6.15

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், திருவாரூர். டர்போ சொல்வது தப்பில்லை, அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் கரண்ட் எங்கேயோ போகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று சூடாகிக்கொண்டு இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு வயர் தோல் உரிந்து கிடக்கிறது. ராத்திரி சுவிட்சைத் திருகிவிடலாம். பகலில் வண்டி ஓடும்போது அந்த வயர் அதே இடத்தில்தானே இருக்கும்? ஜீப்பில் வயரே பத்துதான். இந்தக் காலத்து வண்டியில் அப்படியா.

வெண்ணாற்றங்கரை | 28 ஜனவரி, காலை 8.30

ஸ்பேனர் அண்ணே, எண்கள்:

நேற்று ராத்திரி 12.7. இன்று காலை ஆறு மணிக்கு 12.5. இன்ஜின் ஓடும்போது 14.2. லைட், ஃபேன், பின்கண்ணாடி வைப்பர் எல்லாம் போட்டு 13.9.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 28 ஜனவரி, காலை 9.10

ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் செய்கிறது. அந்த நாலாயிரத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஒரே ராத்திரியில் 12.7 இறங்கி 12.5 ஆகிறது என்றால் வண்டி தூங்கும்போது எதுவோ குடிக்கிறது. இனி ஆம்ப் பார்க்க வேண்டும். கவனமாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். மீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றுங்கள், குமிழையும் 10 ஆம்புக்குத் திருப்புங்கள். பேட்டரியில் மைனஸ் வயரை மட்டும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றுங்கள். பிளஸ்ஸைத் தொடவே வேண்டாம். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும், அதனால்தான் எப்போதும் மைனஸ் முதலில். கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸ் குமிழுக்கும் நடுவில் மீட்டரின் இரண்டு முனையையும் வையுங்கள். இப்போது வண்டி குடிக்கிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

வைத்த உடனே ஒன்றிரண்டு ஆம்ப் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் விழித்துக்கொண்டு இருக்கும். அரை மணி நேரம் விட்டால் ஒவ்வொன்றாகத் தூங்கும். கடைசியில் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. 0.05க்குக் கீழே என்றால் குறையில்லை.

மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்புக்கு மேல் இழுக்கும்.

பழைய_மீட்டர் | 28 ஜனவரி, காலை 9.35

தம்பி, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப் பார்த்து முடித்தவுடன் சிவப்பு வயரைப் பழையபடி வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். எங்கள் ஆபீசில் இதை மறந்து மீட்டரைப் பொசுக்காத ஆளே கிடையாது.

வெண்ணாற்றங்கரை | 28 ஜனவரி, இரவு 8.50

மீட்டர் சாருக்கு வாய் முகூர்த்தம். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வைத்தவுடன் 2.3 காட்டியது. படிப்படியாக இறங்கி, முப்பத்தைந்து நிமிடம் கழித்து 0.41இல் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன், அதற்குக் கீழே இறங்கவில்லை.

கெட்ட செய்தி. எல்லாம் முடிந்தது, மைனஸை மாட்டிவிட்டேன், சரி, வோல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முனைகளைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மைனஸிலும் வைத்தேன். சிவப்பு வயர் இன்னும் 10 ஆம்ப் துளையிலேயே இருந்தது. 'பட்' என்று ஒரு பொறி. முனையின் ஊசி நுனி உருகி வளைந்துவிட்டது, வயர் கையில் சுட்டது. மீட்டரில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அன்ஃப்யூஸ்டு', அதாவது உள்ளே ஃபியூஸ் இல்லை என்று போட்டிருக்கிறது, இப்போதுதான் கண்ணில் படுகிறது. அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்து, 'கார் போச்சா?' என்றார்கள்.

மீட்டர் பிழைத்துவிட்டது. வயர் மட்டும் புதிது வாங்கியிருக்கிறேன், 60 ரூபாய்.

பழைய_மீட்டர் | 28 ஜனவரி, இரவு 9.05

சங்கத்துக்கு வரவேற்கிறோம்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 28 ஜனவரி, இரவு 9.20

கைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். 0.41 என்பது நல்ல தடயம். மூன்று நாள் என்றால் 72 மணி நேரம், 0.41ஆல் பெருக்கினால் முப்பதுக்குக் கிட்ட வரும். உங்கள் பேட்டரி 35 ஆம்ப்-மணி. மூன்றாம் நாள் டிக் டிக் என்காமல் வேறு என்ன செய்யும்? பேட்டரியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எது 0.41 குடிக்கும் என்று யோசியுங்கள். ஸ்டீரியோ, ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டில் இயங்குகிற சுவிட்ச்), ஆல்டர்னேட்டர் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்). டயோடு லீக் ஆனாலும் பகலில் சார்ஜ் செய்துகொண்டு ராத்திரியில் குடிக்கும், அப்படியும் ஒரு கேஸ் உண்டு. அதனால் அதை இன்னும் முழுதாக விடுதலை செய்ய முடியாது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது 0.41 விழுகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன்.

கொள்ளிடம்_கீதா | 28 ஜனவரி, இரவு 10.10

பிடுங்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது தம்பி. ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினால் தூங்குகிற கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும், திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இருபது ஃபியூஸுக்கு யார் உட்கார்ந்திருப்பது?

பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், சோதனைக்கென்றே விட்டிருப்பார்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு புள்ளியையும் தொடுங்கள். ஃபியூஸுக்கும் கொஞ்சம் தடை உண்டு, கரண்ட் போனால் அதன் குறுக்கே துளி வோல்ட் விழும். கரண்ட் போகாத ஃபியூஸில் 00.0. சின்ன சைஸ் 10 ஆம்ப் ஃபியூஸில் 0.4 ஆம்ப் போனால் சுமார் 3 மில்லிவோல்ட் காட்டும். பேட்டரி வயரையும் கழற்ற வேண்டாம்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக் கீழே இருக்கும், கதவைத் திறந்துதான் பார்க்க முடியும், திறந்தால் ரூம் லைட் எரிந்து கணக்குக் கெடும். அதனால் கதவின் ஓரத்தில் இருக்கிற லாக் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் 'டக்' என்று தள்ளிவிடுங்கள், கதவு சுவிட்ச் லாக்கிலேயே இருந்தால் கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். முடித்தபிறகு கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். அப்படியே அடித்துச் சாத்தினால் லாக் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

தைப்பூசம்88 | 29 ஜனவரி, காலை 7.00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் எல்.இ.டி. டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. போர்டு போச்சு என்கிறார்கள். கீதா அக்கா பார்த்துச் சொல்ல முடியுமா?

கொள்ளிடம்_கீதா | 29 ஜனவரி, காலை 7.25

ராத்திரி அறையை இருட்டாக்கி, டிவி ஓடும்போது டார்ச்சைத் திரைக்குக் கிட்டே சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கிற வெளிச்சப் பட்டைக்குத்தான் வேலை. போர்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள். நீங்களாகப் பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் போர்டு கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீதியைத் தனி இழையில் கேளுங்கள், இங்கே தம்பியின் கார் பாவம்.

வெண்ணாற்றங்கரை | 30 ஜனவரி, மாலை 6.40

நேற்று வயலில் மெஷின் இறங்கிவிட்டது, இன்றுதான் கை ஒழிந்தது. அக்கா சொன்னபடி செய்தேன். டிரைவர் பக்கம் முழங்காலுக்கு மேலே ஃபியூஸ் பெட்டி, தலையைக் கீழே விட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டேன். 00.0, 00.0, 00.1, 00.0... பன்னிரண்டாவதில் 02.9. இரண்டு தடவை துடைத்துத் தொட்டுப் பார்த்தேன், 02.9தான். 10 ஆம்ப் ஃபியூஸ்.

அதைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மறுபடி ஆம்ப் வைத்தேன். தூங்கினபிறகு 0.02. இந்தத் தடவை சிவப்பு வயரை மாற்றிவிட்டேன் சார்.

மூடியில் இருக்கிற படத்தின்படி அந்த ஃபியூஸில் ரூம் லைட், கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி எல்லாம் இருக்கிறது. ஸ்டீரியோ நான் வெளியில் வாங்கி மாட்டியது. அதுதானா?

டர்போ_தஞ்சை | 30 ஜனவரி, மாலை 7.02

சந்தேகமே வேண்டாம், ஸ்டீரியோதான். வெளியில் மாட்டுகிறவர்கள் எப்போதும் கரண்ட் வருகிற மஞ்சள் வயரையும் சாவி போட்டால் மட்டும் வருகிற சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். சாவியை எடுத்தாலும் செட் தூங்காது. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான்.

வெண்ணாற்றங்கரை | 30 ஜனவரி, இரவு 8.15

ஃபியூஸை மாட்டிவிட்டு ஸ்டீரியோவின் பின்பக்க சாக்கெட்டைக் கழற்றினேன். மஞ்சளும் சிவப்பும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. 02.9 அப்படியே இருக்கிறது. ரூம் லைட் பல்பையும் எடுத்துப் பார்த்தேன். 02.9.

டர்போ_தஞ்சை | 30 ஜனவரி, இரவு 8.20

அப்போ மீதிப் பத்து.

கொள்ளிடம்_கீதா | 30 ஜனவரி, இரவு 8.45

0.41இல் வண்டியின் இயல்பான தூக்கக் கணக்கு 0.02. மீதி 0.39. இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று சாயங்காலத்தில் இருந்து மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. 5 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் எரிந்தால் 0.4 ஆம்ப்.

தம்பி, உங்கள் வண்டியில் டிக்கியில் விளக்கு இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை | 30 ஜனவரி, இரவு 8.52

இருக்கிறது அக்கா, இடது பக்கம் சுவரில். திறந்தால் எரியும், அது தெரியும். மூடினால் அணைகிறதா என்று எப்படித் தெரியும்? மேலே சாமான் வைக்கிற தட்டு மறைக்கிறது, உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரியில் வண்டிக்குத் தார்ப்பாய் வேறு போட்டுவிடுவேன்.

கொள்ளிடம்_கீதா | 30 ஜனவரி, இரவு 8.55

போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள்.

வெண்ணாற்றங்கரை | 30 ஜனவரி, இரவு 9.20

அக்கா!!!

போனை விளக்கைப் பார்த்தமாதிரி சாய்த்து வைத்து, டிக்கியைச் சாத்திவிட்டு ஒன்றில் இருந்து அறுபது வரைக்கும் எண்ணினேன். திறந்து வீடியோவைப் பார்த்தால், கதவு மூடுகிற சத்தம் கேட்கிறது, வெளியே நான் எண்ணுகிற சத்தம்கூடக் கேட்கிறது, விளக்கு அசையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. நாற்பத்திரண்டு என்று எண்ணும்போது ஒரே ஒரு தடவை கண் சிமிட்டியது. பல்பின் பிளாஸ்டிக் மூடியைத் தொட்டால் சுடுகிறது.

இருபது நாளாக என் டிக்கிக்குள் விளக்கு எரிந்திருக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 30 ஜனவரி, இரவு 9.31

கீதா, கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா?

தம்பி, இப்போதைக்குப் பல்பைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் வேலை முடியவில்லை. டிக்கி லாக்கில் இருக்கிற சுவிட்ச் எர்த் கொடுத்தால், அதாவது பாடி வழியாக மைனஸோடு சேர்த்தால், விளக்கு எரியும், மூடினால் எர்த் விட்டுப்போய் அணையும். அணையவில்லை என்றால் ஒன்று சுவிட்ச் ஒட்டியிருக்கிறது, இல்லை சுவிட்சுக்குப் போகிற வயர் நடுவழியில் பாடியைத் தொடுகிறது. கண் சிமிட்டியது என்கிறீர்கள், எனக்கு வயர் மேல்தான் சந்தேகம்.

உப்பளக்காற்று | 30 ஜனவரி, இரவு 10.40

வேதாரண்யம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பக்கம் இந்த மாதிரி என்றால் உப்புக் காற்றுதான் முதல் குற்றவாளி, சுவிட்செல்லாம் பச்சை பூத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது கார் பேட்டரியில்தான் தெருவுக்கே போன் சார்ஜ் போட்டோம், அப்போது பழகிய பழக்கம்தான் இந்த மீட்டர் எல்லாம். ஆனால் நீடாமங்கலத்தில் உப்பு ஏது?

ஒரு கேள்வி. அறுவடை சமயம். டிக்கியில் சமீபத்தில் மூட்டை ஏதாவது ஏற்றினீர்களா?

வெண்ணாற்றங்கரை | 31 ஜனவரி, காலை 10.50

உப்பளம் அண்ணன் கேட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனவரி முதல் வாரம் விதை உளுந்து இரண்டு மூட்டை டிக்கியில் கொண்டு வந்தேன். அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே தெளிப்பதற்கு. மழை ஈரமாக இருந்தது, தெளிக்க நாளாகும் என்று மூட்டையை நாலைந்து நாள் டிக்கியிலேயே விட்டிருந்தேன். இறக்கும்போது ஒரு சாக்கில் அடியில் ஓட்டை. தைத்தது பிரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்று காலையில் டிக்கியின் இடது பக்க பிளாஸ்டிக் சுவரைக் கழற்றினேன். ஆறு கிளிப், இரண்டு உடைந்தது. உள்ளே கைப்பிடி அளவு உளுந்துத் தொலி, சாக்கு நார், சுவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற பஞ்சைப் பிய்த்து உருட்டிய மெத்தை, புழுக்கை. நாற்றம் தாங்கவில்லை. மெத்தைக்குப் பின்னால் டிக்கி லாக்குக்குப் போகிற வயர் கட்டு. இரண்டு விரல் நீளத்துக்கு மூன்று வயர் தோல் உரிந்து, சீவின பென்சில் மாதிரி பல் தடம் வரிசையாக. அதில் கறுப்பு வயரின் செம்பு ஒரு போல்ட் தலையில் சாய்ந்து நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் அதை லேசாகத் தள்ளினேன். ஃபியூஸில் மீட்டரைப் பிடித்திருந்த என் தம்பி முன்னால் இருந்து கத்தினான்: 'பூஜ்யம்ணே!' விட்டேன், '2.9!'

பத்துத் தடவை செய்திருப்போம். சின்னப் பிள்ளைகள் மாதிரி.

கொள்ளிடம்_கீதா | 31 ஜனவரி, காலை 11.05

தம்பி, உடனே கையைக் கழுவுங்கள். வெறுங்கையால் அந்தக் கூட்டைத் தொடக் கூடாது, எலி மூத்திரத்தில் இருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில் அரிவாள் கீறல் இருந்தாலே போதும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளுங்கள். காய்ந்தபடியே விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 31 ஜனவரி, காலை 11.30

மூன்று வயர் என்றீர்களே, மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒன்று நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற வயராக இருக்கும். அது பிளஸ். பாடியில் பட்டால் ராத்திரி லைட் போட்ட நிமிடமே ஃபியூஸ் போகும், பின்விளக்கும் சேர்ந்து அணையலாம். ஃபியூஸ் போகிறதே என்று வெள்ளித்தாளைச் சுற்றியும் செம்புக் கம்பியை முறுக்கியும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரி வண்டி எரிந்து என் கடை வாசலுக்கு வந்திருக்கிறது.

வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு மூடாதீர்கள். சித்திரை வெயிலில் பசை இளகி வழிந்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கடித்த துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமன் வயரில் துண்டு போட்டு, ஈயம் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி இறுகுகிற குழாய்) ஏற்றிச் சூடு காட்டுங்கள். ஸ்லீவை ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே வயரில் கோத்துவிட வேண்டும். வைத்து முடித்தபிறகுதான் அது ஞாபகம் வரும், எனக்கே வாரம் ஒருமுறை. மூன்று ஜாயிண்டும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் முன்னே பின்னே வெட்டுங்கள்.

டர்போ_தஞ்சை | 31 ஜனவரி, மதியம் 1.15

ஸ்டீரியோ இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருந்தால் புதுப் பேட்டரி செலவு மிச்சம், அதை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள்.

பழைய_மீட்டர் | 31 ஜனவரி, மதியம் 1.40

ஒப்புக்கொண்டோம். எலி மீதியையும் கடித்து முடித்திருக்கும்.

வெண்ணாற்றங்கரை | 31 ஜனவரி, இரவு 7.30

ஸ்லீவைக் கோக்க மறந்துவிட்டேன். ஒரு ஜாயிண்டைப் பிரித்து மறுபடி வைத்தேன். அண்ணன் சொன்னபடியே நம்பர் பிளேட் வயர் செம்பு தெரிகிற அளவுக்குப் போயிருந்தது, வைப்பர் வயர் பாதி. மூன்றும் முடிந்தது. டிக்கியை மூடி வீடியோ எடுத்தேன், ஒரு நிமிடமும் வெறும் இருட்டு. இவ்வளவு சந்தோஷமாக நான் இருட்டைப் பார்த்ததில்லை.

இனி எலி வராமல் இருக்க என்ன செய்வது? வயல் அறுத்தவுடன் எல்லாம் வீட்டுப் பக்கம் வருகின்றன.

உப்பளக்காற்று | 31 ஜனவரி, இரவு 8.10

விஷம் மட்டும் வைக்காதீர்கள். தின்றுவிட்டு ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். என் மச்சான் வண்டியில் இரண்டு மாதம் நாற்றம் போகவில்லை.

பழைய_மீட்டர் | 31 ஜனவரி, இரவு 8.45

புகையிலைக் கட்டு, நாப்தலின் உருண்டை எல்லாம் நான் வைத்துப் பார்த்தவன். ஒரு வாரம் மரியாதை கொடுக்கும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும். எலிக்கு முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். வயர் ருசிக்காகக் கடிப்பதில்லை.

ஷெட்டில் நெல், உளுந்து, தவிடு எதுவும் வைக்காதீர்கள். வண்டியை ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். அப்புறம் கிட்டி வைக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுகிற நம் தஞ்சாவூர்க் கிட்டிதான். வயலுக்கு வருகிறவரிடமே சொன்னால் கொல்லையிலும் ஷெட்டைச் சுற்றியும் சாயங்காலம் வைத்துவிட்டு விடியற்காலையில் எடுத்துக்கொள்வார். எலிக்கு இவ்வளவு என்று கூலி. எந்த ஓரத்தில் எலி நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது.

வெண்ணாற்றங்கரை | 8 பிப்ரவரி, காலை 7.10

வேண்டுமென்றே ஒரு வாரம் வண்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று காலை 12.6. முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கிட்டியில் முதல் ராத்திரி நாலு, இரண்டாவது ராத்திரி ஏழு. அதில் டிக்கி ஆள் யார் என்று தெரியவில்லை.

செலவுக் கணக்கு: மீட்டர் வயர் 60, ஸ்லீவும் வயர்த் துண்டும் 45, கிளிப் இரண்டு 30, கிட்டிக்காரருக்குத் தனி.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 8 பிப்ரவரி, காலை 8.00

நல்லது தம்பி. பழைய பேட்டரி எத்தனை வருஷம் ஆனது?

வெண்ணாற்றங்கரை | 8 பிப்ரவரி, காலை 8.04

ஒன்றரை வருஷம். எக்ஸ்சேஞ்சில் 700 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் | 8 பிப்ரவரி, காலை 8.06

ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போட்டிருந்தால் எழுந்திருக்கும். விடுங்கள்.

வெண்ணாற்றங்கரை | 8 பிப்ரவரி, காலை 8.09

அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன் அண்ணே.